அப்பாவோட 212 சிடி: காப்பி பண்ணா 1 கேபிதான் வருது!

#1 மாம்பலத்தான் | சனி, காலை 10:12

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறேன், எழுதறது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு 81 வயசு. மேற்கு மாம்பலம் வீட்டு பீரோவில் கீழ்த்தட்டு முழுக்க அவர் சிடிதான். நேத்து உட்கார்ந்து எண்ணினேன், 212. முக்கால்வாசி கச்சேரி. மிச்சம் பழைய சினிமாப் பாட்டு, நாலஞ்சு உபன்யாசம், அப்புறம் சித்தப்பா கம்ப்யூட்டரில் ரைட் பண்ணிக் கொடுத்த, மேலே பேர்கூட எழுதாத சிடி ஒரு பத்து. பிளேயர் தீபாவளிக்கு முன்னாடியே படுத்துட்டுது. ரிப்பேர்காரர் லென்ஸ் போச்சு, ஸ்பேர் கிடைக்காதுன்னு கையை விரிச்சுட்டார்.

என் லேப்டாப்பில் டிரைவ் இல்லை. ரிச்சி தெருவில் யுஎஸ்பி டிரைவ் ஒண்ணு வாங்கி வந்து சிடியைப் போட்டேன். எட்டு ஃபைல் தெரிஞ்சுது. மொத்தமா செலக்ட் பண்ணி பென் டிரைவில் போட்டேன். அரை செகண்டில் முடிஞ்சுது, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். ஒவ்வொண்ணும் 1 கேபி! பென் டிரைவைச் செருகினா சத்தமே இல்லை. சிடி கெட்டுப்போச்சா, இல்ல டிரைவ் டூப்ளிகேட்டா?

#2 எட்டுபிட் | சனி, காலை 10:40

ரெண்டும் இல்லண்ணா. அந்த ஃபைல் பேர் கடைசில சிடிஏன்னு இருக்கும் பாருங்க. அது பாட்டு இல்ல, விலாசம். "அஞ்சாவது பாட்டு இந்த இடத்துல ஆரம்பிக்குது, இவ்ளோ நீளம்"னு எழுதின துண்டுச் சீட்டு. மொத்தமே 44 பைட்தான். அதைக்கூட உங்க சிடி எழுதி வெக்கல, விண்டோஸ் அப்பப்ப எழுதிக் காட்டுது. நீங்க விலாசத்த எடுத்துட்டுப் போயிட்டீங்க, வீடு இங்கயே நிக்குது.

பாட்டு சிடில ஃபைல்னு ஒண்ணே கிடையாது. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே நூல். எந்த எந்த இடத்துல பாட்டு ஆரம்பிக்குதுன்னு முன்னாடி ஒரு பட்டியல், அதுல அதிகபட்சம் 99 பாட்டு, அவ்ளோதான். இழுத்துப் போட்டா வராது, ரிப் பண்ணணும், அதாவது ஒரு புரோகிராம் வெச்சு பாட்டப் படிச்சு ஃபைலா எழுதணும். மேக்ல இதே சிடியப் போட்டா பெரிய பெரிய ஏஐஎஃப்எஃப் ஃபைலா காட்டும். அதுவும் சிடில இல்ல, மேக் போடற வேஷம்.

#3 நெறியாளர் | சனி, காலை 11:05

காசு கொடுத்து வாங்கிய சிடியை வீட்டில் கேட்க மாற்றிக்கொள்வது பற்றி மட்டும் பேசுவோம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. ரிப் பண்ணியதை இங்கே லிங்க் போட்டால் பதிவைத் தூக்கிவிடுவேன்.

#4 மாம்பலத்தான் | சனி, மதியம் 12:30

விலாசம்! இப்ப புரிஞ்சுது.

முதல்லயே சொல்லாம விட்ட விஷயம் ஒண்ணு. போன மாசம் இருபது சிடியை ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் போட்டு வாங்கினேன். எல்லாம் எம்பி3, செகண்டுக்கு 128 கிலோபிட். பாட்டு பேர் ஒண்ணும் இல்லை, ட்ராக் 1, ட்ராக் 2தான். அப்பா ஈசிசேரில் சாய்ஞ்சு கண்ணை மூடிண்டு கேட்டார். ராகம் முடிஞ்சு கீர்த்தனை ஆரம்பிக்கற இடத்தில் கண்ணைத் திறந்து, "நடுவுல யார்றா தம்பூராவை நிறுத்தினது?"ன்னார். எனக்கு ஒண்ணும் கேட்கலை. திரும்பப் போட்டேன். ஆமாம், ட்ராக் மாறற இடத்தில் தம்பூரா ஒரு கண்சிமிட்டல் நேரம் அறுந்து ஒட்டிக்கறது. பிளேயரில் இப்படி இருந்ததே இல்லைன்னு சத்தியம் பண்றார்.

இன்னொரு குழப்பம். இப்ப நானே விண்டோஸ் மீடியா பிளேயரில் ஒண்ணை வேவா, அதாவது சுருக்காத ஃபைலா, ரிப் பண்ணிப் பார்த்தேன். 78 நிமிஷ சிடி, 787 எம்பி வந்தது. கடையில் விக்கற காலி சிடி உறையில் 700 எம்பின்னுதானே போட்டிருக்கான்? கூட இருக்கற 87 எம்பி எங்கேர்ந்து வந்தது?

#5 பழைய_டேப்பு | சனி, மாலை 4:18

மாம்பலத்தாரே, உங்கள் சிக்கல் முழுக்க அந்த 87 எம்பியில்தான் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் டேப் ஓட்டி வயிறு வளர்த்தவன் நான். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிடியில் ஒலியை செகண்டுக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதியிருக்கிறார்கள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. செகண்டுக்கு 1,76,400 பைட். நிமிடத்துக்கு ஒரு கோடியே ஆறு லட்சம் பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த ரெட் புக் கணக்கு இது. 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் பிளேயர் கடைக்கு வந்ததிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

ஏன் 44,100, சுலபமாக 40,000 என்று வைத்திருக்கக் கூடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். அன்று இவ்வளவு எண்களை எழுதி வைக்க வீடியோ டேப்பை விட்டால் வேறு கதி இல்லை. எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கிப் படம் மாதிரி பதிவு செய்தார்கள். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் ஃபீல்டுக்கு (அதாவது அரைப் படத்துக்கு) 294 கோடு, கோட்டுக்கு 3 சாம்பிள் (அளந்த எண்), செகண்டுக்கு 50 ஃபீல்டு. பெருக்கிப் பாருங்கள். ஜப்பான், அமெரிக்க முறையில் 245, 3, 60. அதையும் பெருக்குங்கள். இரண்டுக்கும் ஒரே விடை. அந்த எண்தான் உங்கள் பீரோவில் உட்கார்ந்திருக்கிறது.

இனி 87 எம்பி. சிடியில் தகவலைச் செக்டர் என்ற துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். செகண்டுக்கு 75 செக்டர், செக்டருக்கு 2,352 பைட். கம்ப்யூட்டர் சிடி என்றால் அதில் 2,048 பைட்தான் சரக்கு. பாக்கி 304 பைட் அந்த செக்டரின் முகவரிக்கும், பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கும் போய்விடும். ஒரு எழுத்து தப்பினாலும் புரோகிராம் ஓடாதே! பாட்டு சிடியில் அந்த 304 பைட்டிலும் பாட்டையே அடைத்துவிட்டார்கள். ஆகவே ஒரே 80 நிமிட சிடியில் டேட்டா போட்டால் 703 எம்பி, பாட்டு போட்டால் 807.

இடம் சும்மா கிடைக்கவில்லை, காவலாளை வேலையை விட்டு நிறுத்தித்தான் கிடைத்தது. பாட்டு சிடிக்குப் பாதுகாப்பு ஓரடுக்கு குறைவு. ரீட்-சாலமன் முறையில் தகவலைக் கலைத்துச் சிதறடித்து எழுதும் அடித்தள அடுக்கு மட்டும்தான் அதற்கு உண்டு. அது சாமானியமானதல்ல. தடத்தில் தொடர்ச்சியாகச் சுமார் 2.5 மி.மீ. அழிந்திருந்தாலும் ஒரு பிட் குறையாமல் மீட்டுவிடும். அதற்கும் மேல் சேதம் என்றால் முன் எண்ணையும் பின் எண்ணையும் பார்த்து நடுவில் ஒன்றைத் தானாகவே போட்டுக்கொள்ளும். சாகித்தியம் மறந்த பாகவதர் அகாரத்தில் சமாளித்துக்கொண்டு போவாரே, அந்த மாதிரி. சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கம்ப்யூட்டரில் படிக்கும்போதும் டிரைவ் இப்படிச் சமாளிக்கும், சமாளித்தேன் என்று பெரும்பாலும் சொல்லாது. உங்களுக்கு அழகாக ஒரு ஃபைல் வந்துவிடும். அதனால்தான் இதை நான் காப்பி என்று சொல்வதில்லை. மறுபடி ஒரு வாசிப்பு, அவ்வளவுதான். வாசிப்பு சரியா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

#6 எட்டுபிட் | சனி, மாலை 5:02

டேப்பு சார், பாகவதர் உதாரணம் செம.

தம்பூரா மேட்டர் நான் சொல்றேன். எம்பி3 பாட்டைத் துண்டு துண்டா நறுக்கித்தான் சுருக்கும். ஒரு துண்டு 1,152 சாம்பிள், 26 மில்லிசெகண்ட். பாட்டு நீளம் அதுல சரியா வகுபடாது. கடைசித் துண்டுல மிச்சத்துக்கு நிசப்தம் ஊத்தி ரொப்பும். ஆரம்பத்துலயும் என்கோடர் (சுருக்கற புரோகிராம்) கொஞ்சம் நிசப்தம் சேர்க்கும். சினிமாப் பாட்டுல ஒண்ணும் தெரியாது, அடுத்த பாட்டுக்கு முன்னாடி எப்படியும் அமைதிதான். கச்சேரில ட்ராக் மாறும், தம்பூரா மாறாது. அங்க மாட்டிக்கும். உங்க அப்பாவுக்கு ஒரு சல்யூட்.

லேம்ங்கற என்கோடர்ல பண்ண எம்பி3ல எவ்ளோ நிசப்தம் சேர்த்தோம்னு குறிப்பு இருக்கும், நல்ல பிளேயர் அதப் படிச்சு வெட்டிடும். ஆனா பென் டிரைவ் ஸ்பீக்கர், கார் ஸ்டீரியோ எல்லாம் இதக் கண்டுக்காது. ஃப்ளாக்னு ஒரு ஃபைல் வகை இருக்கு, எதையும் வெட்டாம சுருக்கும். அதுல இந்தப் பிரச்சினையே கிடையாது, உள்ள போன சாம்பிள் எண்ணிக்கைதான் வெளிய வரும். 2001லேர்ந்து இருக்கு, இலவசம். ஃப்ளாக்ல எடுத்து பத்திரமா வெச்சிடுங்க, அப்பாவுக்கு வேணும்கறத அதுலேர்ந்து எம்பி3 பண்ணிக்கலாம். எம்பி3லேர்ந்து ஃப்ளாக் மட்டும் பண்ணிடாதீங்க, கரும்புச் சக்கையத் திரும்ப மிஷின்ல விடற கதை.

#7 வெள்ளி_வயர் | சனி, இரவு 9:47

ஃப்ளாக் என்று ஆளுக்கு ஆள் தூக்கிவைத்து ஆடுகிறீர்கள். சுருக்கியது சுருக்கியதுதான். என் சிஸ்டத்தில் வேவில் போட்டால் மேடை அகலமாக இருக்கிறது, ஃப்ளாக்கில் வயலின்காரர் பாடகரின் மடியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். காது உள்ளவர்களுக்குத் தெரியும். ஹார்ட் டிஸ்க் மலிவு, வேவிலேயே வைத்துக்கொள்ளுங்கள் மாம்பலத்தான்.

#8 எட்டுபிட் | சனி, இரவு 10:03

தலைவரே, வேவ ஃப்ளாக் பண்ணுங்க, அதத் திரும்ப வேவ் பண்ணுங்க. ரெண்டு வேவையும் பைட் பைட்டா ஒப்பிடுங்க. ஒரே ஒரு பிட் மாறியிருந்தா ரத்னா கஃபேல சாம்பார் இட்லி என் செலவு.

#9 வெள்ளி_வயர் | சனி, இரவு 10:20

பிட் எண்ணுவதற்கு நான் ஆடிட்டர் இல்லை. கேட்கிறவன்.

#10 பழைய_டேப்பு | ஞாயிறு, காலை 7:30

இரவில் சண்டை போட்டிருக்கிறீர்கள். ஃப்ளாக் ஒரு ஜிப் மாதிரிதான். பாட்டுக்கென்று தைத்த ஜிப். அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று ஊகித்து, ஊகத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிவைக்கும். வித்தியாசம் சின்ன எண், அதனால் இடம் குறைவு. பழைய மோனோ கச்சேரியை சிடியில் போட்டிருந்தால் இரண்டு சேனலும் ஒன்றுதான், இரண்டாவதுக்கு அது ஏறக்குறைய இடமே எடுத்துக்கொள்ளாது. உங்கள் 212 சிடியும் வேவில் 140 ஜிபி வாக்கில் வரும். ஃப்ளாக்கில் 80 இருக்கலாம்.

வெள்ளி வயருக்கு: ஃபூபார் பிளேயரில் கண்ணைக் கட்டிக் கேட்கும் சோதனைக்கு வசதி இருக்கிறது. எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டு, 16க்கு 12 சரியாகச் சொல்லிவிட்டு வாருங்கள். நானும் வேவுக்கு மாறிவிடுகிறேன்.

எம்பி3 விஷயம் வேறு. அதில் நிஜமாகவே கேட்கும். நல்ல ஹெட்போனில் 128இல் கஞ்சிராவையோ கடத்தையோ கேளுங்கள். அடி விழுவதற்கு ஒரு நொடிப் பிசிறு முன்னால் 'ஸ்ஸ்' என்று மணல் சிந்தும் சத்தம் வரும். காது கவனிக்காததை வெட்டுவதுதான் எம்பி3யின் சூத்திரம். அப்படி வெட்டும்போது எழும் இரைச்சல் அந்தத் துண்டு முழுக்கப் பரவும். அடிக்குப் பின்னால் வந்தால் அடியே அதை மறைத்துவிடும், முன்னால் வந்தால் மறைக்க ஆள் இல்லை. தாளவாத்தியத்தில்தான் இது பல்லிளிக்கும். 256க்கு மேல் போனால் என் காதுக்குப் பிடிபடுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

#11 அடையாறு_ரசிகை | ஞாயிறு, காலை 9:15

மாம்பலத்தான், உங்க அப்பாவுக்கு என் நமஸ்காரம். போன வருஷம் எங்காத்துல இதே யக்ஞத்தை நடத்தி முடிச்சேன், பேரன்தான் சொல்லிக் கொடுத்தான். நான் பட்ட ரெண்டு அவஸ்தையைச் சொல்றேன்.

முதல்ல பேர். முக்கால்வாசி சிடியில பாட்டு பேரே இருக்காது. புரோகிராம் என்ன பண்றதுன்னா, எத்தனை பாட்டு, ஒவ்வொண்ணும் எவ்வளவு நீளம்னு பார்த்து, நெட்டுல அதே அளவுல யாரோட சிடி இருக்குன்னு தேடறது. தியாகராஜர் கிருதியைப் போட்டா ஏதோ ஜெர்மன் பாட்டு பேரைக் காட்டித்து எனக்கு! கச்சேரி சிடிக்கு நாமளே அடிக்கறதுதான் உத்தமம். தோடியை ஒரு உறையில ஒரு மாதிரியும் இன்னொரு உறையில வேற மாதிரியும் இங்கிலீஷ்ல போட்டிருப்பான், தேடினா பாதிதான் அகப்படும். தமிழ்லயே அடிங்கோ. வாக்கேயக்காரர் பேரை கம்போசர்னு இருக்கற கட்டத்துலயும், பக்கவாத்தியத்தை கமெண்ட்லயும் போட்டேன். ராகத்துக்கு இடமே கிடையாது, பாட்டு பேரோட சேர்த்துட்டேன்.

அப்புறம் பூஞ்சை. ஐப்பசி கார்த்திகை மழையில பீரோவுக்குள்ள வெள்ளையா பூத்திருக்கும். நான் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சேன், நன்னாப் போச்சு.

#12 பழைய_டேப்பு | ஞாயிறு, காலை 9:50

அம்மா, டூத்பேஸ்ட் வேண்டாம்! பளபளப்பான அடிப்பக்கம் 1.2 மி.மீ. கனமுள்ள பாலிகார்பனேட். அதில் மேலோட்டமான கீறலை மெருகு போட்டால் சில சமயம் சரியாகும், அது வேறு. பூஞ்சைக்கு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போதும். நடு ஓட்டையிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்துக் கீறிவிட்டால் கீறல் தடத்தோடேயே ஓடும், அந்த 2.5 மி.மீ. கணக்கு அங்கே உதவாது.

எல்லோரும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைப்பார்கள். உயிர் இருப்பது மேல்பக்கத்தில். பேர் அச்சடித்த பக்கத்தில் மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே அலுமினியப் பூச்சு. அங்கே கீறினால் பாட்டே பெயர்ந்துவிடும், எந்தப் பேஸ்ட்டாலும் திரும்ப வராது. ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி ஓட்டை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் போனதுதான்.

சித்தப்பா ரைட் பண்ணிய சிடிகளை முதலில் எடுத்துவிடுங்கள். கடை சிடியில் பள்ளமாக அழுத்தியிருப்பார்கள், அவருடையதில் சாயத்தில் எழுதியது. வெயிலும் வெக்கையும் பட்டால் சாயம் மங்கும். சென்னையில் அதற்குப் பஞ்சமா?

#13 எட்டுபிட் | ஞாயிறு, காலை 11:11

தமிழ்ல அடிக்கறதுக்கு ஒரு எச்சரிக்கை. எம்பி3ல பாட்டு விவரம் எழுதற இடத்துக்கு டேக்னு பேர். பழைய டேக் முறைல ஒரு பேருக்கு 30 பைட்தான், அதுவும் இங்கிலீஷ் எழுத்துக்குன்னு பண்ணது. தமிழ் எழுத்த யுடிஎஃப்-8ங்கற குறியீட்டு முறைல எழுதினா எழுத்துக்கும் தனியா, புள்ளிக்கும் தனியா, காலுக்கும் தனியா மூணு மூணு பைட். 'கல்யாணி' 21 பைட், தப்பிச்சுது. 'சங்கராபரணம்' 33, உள்ளயே நுழையாது! புது டேக் முறையும் ஃப்ளாக்கும் நீளமாவே தாங்கும், ஆனா சில கார் ஸ்டீரியோ தமிழுக்குக் கட்டம் கட்டமாதான் காட்டும். ஃபைல் பேரையும் அளவா வைங்க. லினக்ஸ்ல ஒரு பேருக்கு 255 பைட், தமிழ்ல 85 குறிதான். ராகம் தாளம் பல்லவி மல்லாரி முன்னுரையோடன்னு 85ஐத் தாண்டி இழுத்தீங்கன்னா காப்பி ஆகாது.

மாம்பலம் அண்ணா, மீடியா பிளேயர்ல ரிப் பண்ணாதீங்க. எக்ஸாக்ட் ஆடியோ காப்பின்னு ஒண்ணு இருக்கு, விண்டோஸுக்கு இலவசம். லினக்ஸ்ல சிடிபாரனோயா, மேக்ல எக்ஸ்எல்டி. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி ஒவ்வொரு செக்டரையும் ரெண்டு தடவ படிச்சு ஒத்துப் போனாத்தான் அடுத்ததுக்குப் போகும். ஒத்துப் போகலன்னா திரும்பத் திரும்பப் படிச்சு மெஜாரிட்டி பார்க்கும். டிரைவ் சோம்பேறித்தனமா முதல்ல படிச்சதயே ஞாபகத்துலேர்ந்து எடுத்துக் கொடுத்து ஏமாத்தும், அதுக்கும் செட்டிங்கில் வழி இருக்கு. முடிஞ்சதும் அக்யூரேட்ரிப்ங்கற பொதுப் பட்டியலோட ஒப்பிடும். உலகத்துல வேற யாராவது இதே சிடிய ரிப் பண்ணியிருந்தா, உங்களுது அவங்களுதோட பொருந்துதான்னு சொல்லிடும்.

#14 மாம்பலத்தான் | புதன், இரவு 8:40

மூணு நாளில் 14 சிடி. ஒண்ணுக்கு கால் மணி, கீறல் இருந்தா முக்கால் மணி. சினிமாப் பாட்டு சிடி நிறைய அந்தப் பட்டியலில் இருக்கு. கச்சேரி சிடி ஒண்ணுகூட இல்லை. உலகத்தில் யாருமே இதை ரிப் பண்ணலையா!

சித்தப்பா சிடியில் மூணு செத்துப் போச்சு. ஒண்ணு நிஜமாவே டேட்டா சிடி, உள்ள 150 எம்பி3. அதை மட்டும் இழுத்துப் போட்டேன், முழுசா வந்துது :) இன்னொண்ணு பாட்டு சிடிதான், ஆனா எட்டுபிட் தனியா சொன்ன மாதிரி ஸ்பெக்ட்ரம் படம் போட்டுப் பார்த்தா 16,000 ஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டின மாதிரி நிக்குது. அது எம்பி3 போடற வெட்டு. எம்பி3யை சிடியா மாத்திக் கொடுத்திருக்கார் மனுஷன். அதையும் ஃப்ளாக்கில் எடுத்துட்டேன், சென்டிமென்ட்.

பிரச்சினை ஒரு கச்சேரி சிடியில். அப்பாவுக்கு உயிர். எட்டு ட்ராக், ஆறாவது தனி ஆவர்த்தனம். நான் கேட்டப்ப யாரோ சபையில் தாளம் போடறாங்கன்னு நினைச்சேன். அப்பா கேட்டுட்டு, "இந்தத் தட்டு எந்தத் தாளத்திலயும் விழலையேடா"ன்னார். 4:12ல் ரெண்டு, 4:13ல் ஒண்ணு. டொக், டொக். கீறல்!

#15 எட்டுபிட் | புதன், இரவு 9:01

பட்டியல்ல இல்லன்னா நீங்களே ரெண்டு தடவ ரிப் பண்ணி செக்சம் எண்ணப் பாருங்க, அது ஃபைலோட கைரேகை மாதிரி. ஒரு பிட் மாறினாலும் எண் மாறிடும். ரெண்டு தடவையும் ஒண்ணா வந்தா அநேகமா சரி. வேற டிரைவ்ல ஒருக்கா பார்த்தா இன்னும் நிம்மதி.

#16 மாம்பலத்தான் | புதன், இரவு 10:25

ஏழு ட்ராக் ரெண்டு தடவையும் ஒரே எண். ஆறாவது முதல் தடவை ஒண்ணு, ரெண்டாவது தடவை வேற. மூணாவது தடவை மூணாவது எண். ட்யூப்லைட்டில் பிடிச்சுப் பார்த்தேன். மேல்பக்கம், பாடகர் படத்தில் ஜரிகை அங்கவஸ்திரத்துக்கு நடுவில், ஊசி முனை அளவு வெளிச்சம்.

#17 அடையாறு_ரசிகை | வியாழன், காலை 8:20

ஜரிகை அங்கவஸ்திரம், எட்டு ட்ராக், ஆறாவது தனி. பின்னட்டை பச்சை கலரா? அப்படின்னா அந்த சிடி என்கிட்ட இருக்கு! போன வருஷம் எடுத்த ரிப்போட லாக்கும், அதான் புரோகிராம் எழுதி வெச்ச குறிப்பு, இருக்கு. எட்டு எண்ணையும் உங்களுக்குத் தனியா அனுப்பியிருக்கேன், பாருங்கோ.

#18 மாம்பலத்தான் | வியாழன், காலை 9:05

மாமி, அதேதான். ஆனா எட்டு எண்ணுமே ஒத்துப் போகலையே! அப்ப என் மத்த ஏழும் தப்பா? ராத்திரி எல்லாம் முழிச்சதெல்லாம் வீணா?

#19 பழைய_டேப்பு | வியாழன், காலை 9:40

வீணில்லை. ஒவ்வொரு டிரைவ் மாடலும் பாட்டைக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ தள்ளித்தான் ஆரம்பிக்கும். பாட்டு செக்டரில் முகவரி இல்லை என்று சொன்னேனே, அதன் பின்விளைவு. ஒன்றில் 6 சாம்பிள் தள்ளும், இன்னொன்றில் 667. 667 என்றாலும் 15 மில்லிசெகண்ட்தான், காதுக்குத் தெரியாது. ஆனால் ஒரு ட்ராக்கின் வால் அடுத்ததன் தலையில் ஒட்டிக்கொள்வதால் எல்லாச் செக்சமும் மாறிவிடும். பொதுப் பட்டியலில் உள்ள சினிமா சிடி ஒன்றைப் போட்டால் உங்கள் டிரைவின் தள்ளலை புரோகிராமே கண்டுபிடிக்கும். அம்மாவின் பேரன் அதைச் செய்திருப்பார், நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள்.

#20 மாம்பலத்தான் | வியாழன், இரவு 9:30

செய்யலை. இப்ப செஞ்சேன். அப்பாவோட பழைய சினிமாப் பாட்டு சிடியைப் போட்டதும் தள்ளலைக் கண்டுபிடிச்சு, சரிபண்ணிக்கட்டுமான்னு கேட்டுது.

ஏழு ட்ராக்கும் மாமியோட எண்ணோட அட்சரம் பிசகாம பொருந்துது!! மாம்பலத்தில் ஒண்ணு, அடையாற்றில் ஒண்ணு. எத்தனை வருஷமா வேற வேற பீரோவில் இருந்த ரெண்டு சிடி, கோடிக்கணக்கான பைட்டில் ஒண்ணுகூட மாறலை. அப்பாகிட்ட சொன்னேன். "ஒரே கச்சேரிதானேடா, மாறுவானேன்"னுட்டார்.

ஆறாவது மட்டும் மாறுது. மாமி, அந்த சிடி ஒரு நாளைக்குக் கிடைக்குமா? அடையாறு வந்து வாங்கிக்கறேன்.

#21 அடையாறு_ரசிகை | வியாழன், இரவு 9:52

பேஷா வாங்கோ. சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு மேல. அப்பாவையும் முடிஞ்சா அழைச்சிண்டு வாங்கோ, காபி சாப்பிடலாம்.

#22 நெறியாளர் | வியாழன், இரவு 10:10

அதே சிடி மாம்பலத்தானிடமும் இருப்பதால் கண்டுகொள்ளவில்லை :)

#23 வெள்ளி_வயர் | வெள்ளி, இரவு 11:30

16க்கு 9. ஸ்பீக்கர் கேபிள் இன்னும் பழகவில்லை, அடுத்த மாதம் திரும்பச் செய்கிறேன்.

#24 எட்டுபிட் | வெள்ளி, இரவு 11:34

பரவால்ல தலைவரே, சாம்பார் இட்லி நான் வாங்கித் தரேன்.

#25 மாம்பலத்தான் | திங்கள், இரவு 8:15

ஆறாவது ட்ராக் மாமி சிடியிலேர்ந்து என் டிரைவில் ரெண்டு தடவை எடுத்தேன். ரெண்டு தடவையும் மாமி லாக்கில் இருக்கற அதே எண். டொக் டொக் இல்லை. எட்டையும் சேர்த்து ஃப்ளாக்கில் போட்டு, ஃப்ளாக் தெரிஞ்ச சின்ன பிளேயர் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். அப்பா ராகம் முடிஞ்சு கீர்த்தனை வர்ற இடத்தை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை, காபி கேட்டார்.

மாமி, சிடியை இன்னிக்கு மத்தியானம் உங்காத்து வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டு வந்தேன். ரொம்ப நன்றி. இன்னும் 197 பாக்கி.

#26 அடையாறு_ரசிகை | திங்கள், இரவு 8:50

கிடைச்சுது. உறை என்னோடதுதான். ஆனா உள்ள இருக்கற சிடியை இப்பதான் ட்யூப்லைட்டுல பிடிச்சுப் பார்த்தேன். அங்கவஸ்திரத்துல ஓட்டை!

#27 மாம்பலத்தான் | திங்கள், இரவு 8:53

ஐயோ மாமி! நாளைக்குக் காலம்பற முதல் வேலையா வரேன்.